மதியச் சாப்பாட்டுக்கு யாரை அழைப்பது

போன மாதம் லோசானில் நீங்கள் மூன்று பேரும் என்னை நடுவில் இருத்திவைத்து ஒரு கேள்வி கேட்டீர்கள். "அங்கிள், இந்த வேலையில நீங்கள் சாதிச்சது எது?" நான் தேநீரைக் குடித்து முடித்து, ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி எழும்பிவிட்டேன். உண்மையில் ரயிலுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. ஸ்டேஷனில் குளிருக்குள் நின்றுகொண்டு, இந்தப் பிள்ளைகளுக்கு என்னத்தைச் சொல்வது என்று யோசித்தேன். அப்போது சொல்ல வாய் வராததை இப்போது எழுதுகிறேன். சாதனை எதையும் இதில் தேடாதீர்கள்.

நம் பிள்ளைகள் வங்கிக்குப் போனார்கள், ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், மருந்துக் கொம்பனிக்குப் போனார்கள். வெளிநாட்டு நிறுவனங்களைக் கூப்பிட்டு வந்து சுவிஸ் என்ற இந்தச் சின்ன நாட்டில் குடியேற்றும் மாநில அலுவலகங்களுக்குள் நுழைந்தவர்கள், என்னை விட்டால், நீங்கள்தான். நான் நொஷாட்டல் மாநிலத்தில் இருபத்தொரு வருடம் அந்த வேலை பார்த்தேன். அகதியாக வந்து, கோப்பை கழுவி, பட்டறையில் கடைசல் வேலை செய்து, மாலை வகுப்பில் படித்து, கடைசியில் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு போய் உட்கார்ந்த கதிரை அது. என் மனைவி சொந்தக்காரர்களிடம் "கவுண்மென்ற் வேலை" என்று மட்டும் சொல்லுவார். நான் என்ன செய்கிறேன் என்று அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை. விளங்காமல் இருந்ததும் நல்லதுதான்.

கோப்பு தயாரிப்பது, வரிச் சலுகை பற்றிக் கதைப்பது, நிலம் காட்டுவது எல்லாம் ஆறு மாதத்தில் பழகிவிடும். அதை நான் சொல்லித் தரத் தேவையில்லை. பழகாத விசயங்களுக்கு வருகிறேன்.

முதலில் சின்னது ஒன்று. கார்த்திகை மாதத்தில் ஏரிக்கரை முழுக்கப் பனிமூட்டம் போர்த்துக் கிடக்கும், மேலே மலையில் லா ஷோ-து-ஃபோன் ஊரில் கண் கூசும் வெயில் எறிக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். நான் விருந்தாளிகளை அந்த நாட்களில்தான் மேலே கூட்டிப் போவேன். மூட்டத்தைக் கிழித்துக்கொண்டு மேலே வந்தவுடன் வாயைப் பிளப்பார்கள். நான் பெரிய கெட்டிக்காரன் என்று எனக்குள் நினைப்பு. ஒரு தடவை அப்படி மயங்கிய ஒருவர், எனக்குச் சொல்லாமல் மாசி மாதத்தில் தனியாக வந்து நாலு நாள் தங்கிவிட்டார். இடுப்பளவு பனி, மாலை ஆறு மணிக்குப் பிறகு தெருவில் ஒரு குருவி இல்லை. அதோடு தொடர்பை அறுத்துக்கொண்டார். மறைத்தது பனிக்காலம் என்றால் இவ்வளவோடு போகும். நான் பிறகு மறைத்தது பனிக்காலம் அல்ல.

என் அலுவலகத் தலைவி இந்த ஊர்ப் பெண். என்னைவிடப் பத்து வயது இளையவர், அதிகம் பேச மாட்டார், பேசினால் திருப்பிச் சொல்ல மாட்டார். அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. முதலீட்டாளர் குழு வரும் நாளில் காலையில் நாங்கள் எங்கள் விளக்கத்தைத் திரையில் காட்டுவோம், மதியம் ஒரு நல்ல உணவகத்தில் சாப்பாடு. அந்தச் சாப்பாட்டு மேசைக்கு ஒரு சாட்சி வருவார். முன்பு இதே மாதிரி வந்து இங்கே நிலைத்துவிட்ட ஏதாவது ஒரு கொம்பனியின் முதலாளியோ பணிப்பாளரோ. அரசாங்கம் சொல்வதை யாரும் முழுக்க நம்புவதில்லை, ஏற்கெனவே வந்து பிழைத்தவன் சொன்னால் நம்புவார்கள். வியாபாரமே அந்த மேசையில்தான் முடியும்.

சாட்சிக்கு முதலாளி மட்டும்தான், வேலையாட்களைக் கூப்பிடக் கூடாது என்பது தலைவியின் கட்டளை. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே சொன்னார். காரணம் சொல்லவில்லை. எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. நானும் பட்டறையில் எண்ணெய்க் கையோடு நின்றவன்தானே. எங்களை மேசையில் இருத்த இவர்களுக்கு வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் கோபத்தைப் பல வருடம் பத்திரமாக வைத்திருந்தேன்.

ஒரு வைகாசியில் எலும்பு முறிவுக்கு வைக்கும் திருகாணிகள் செய்யும் ஒரு பெரிய நிறுவனம் எங்களிடம் வந்தது. ஐரோப்பாவில் ஒரு தொழிற்சாலை போட இடம் தேடினார்கள். கிழக்கே ஒரு நாட்டில் பாதிச் சம்பளத்துக்கு ஆள் கிடைக்கும், ஆனால் ஆளைப் பழக்க இரண்டு வருடமாகும். எங்களிடம் சம்பளம் கூட, ஆனால் மணிக்கூட்டுக்குச் சின்னஞ்சிறு உலோகத் துண்டுகளைக் கடைந்து கை பழுத்தவர்கள் தெருவுக்குத் தெரு இருந்தார்கள். நிறுவனத்தாருக்கு இருந்தது ஒரேயொரு சந்தேகம்தான். அந்த ஆட்கள் இருக்கும் வேலையை விட்டு எங்களிடம் வருவார்களா?

அந்தக் கேள்வியைக் கேட்டவுடன் எனக்கு யோகநாதனின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. யோகன் லா ஷோ-து-ஃபோனில் ஒரு மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் கடைசல் இயந்திரத்தில் நின்றவன். எனக்கு ஒன்பது வயது இளையவன், என்னை அண்ணை என்பான். அமைதியான ஆள். குழு வந்த அன்று தலைவி வேறொரு கூட்டத்துக்கு பேர்ன் போயிருந்தார். பொறுப்பு என் கையில். ஒரு முதலாளியைக் கூப்பிடாமல் யோகனை ஒரு நாள் லீவு போடச் சொல்லி, மேசைக்கு அழைத்தேன். எங்கட ஆள் ஒருத்தன் அந்த வெள்ளைத் துணி விரித்த மேசையில் இருக்கட்டும் என்று ஒரு வீம்பு. தமிழன் ஒருவனை ஒரு தமிழன் சபையில் ஏற்றிவைக்கிறான் என்ற பெருமை. வேறு எவனும் அந்தப் பிழையை விட்டிருக்க மாட்டான்.

அன்று காலையில் என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் விளக்கத்தில் ஒரு பக்கம் உண்டு. உங்கள் அலுவலகத்திலும் இருக்கும், தேடிப் பாருங்கள். "நெகிழ்வான தொழிற் சட்டம்" என்று தலைப்பு. இந்த நாட்டில் ஆட்களை வேலையிலிருந்து நிற்பாட்டுவது அக்கம்பக்க நாடுகளைவிட எவ்வளவு சுலபம், அறிவித்தல் காலம் எவ்வளவு குறைவு, தொழிற்சாலையையே மூடுவதென்றாலும் தொழிலாளரிடம் கருத்துக் கேட்டு மாநிலத்துக்கு அறிவித்தால் போதும் என்று அதில் அழகாக எழுதியிருக்கும். நான் அந்தப் பக்கத்தில் வழக்கத்தைவிடக் கூட நேரம் நின்றேன். குழுவின் தலைவர் அதில்தான் நிறையக் கேள்வி கேட்டார், பக்கத்தில் இருந்த பெண் எழுதிக்கொண்டாள். நிலைக்க வருகிறவர்கள் பள்ளிக்கூடம் எங்கே, வீட்டு வாடகை என்ன, மனைவிக்கு வேலை கிடைக்குமா என்று கேட்பார்கள். இவர்கள் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. நான் அதைக் கவனித்தேன். இதைக் கவனிக்கத்தான் எனக்குச் சம்பளம் தந்தார்கள். கவனித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனேன்.

மதியம் யோகன் கல்யாணத்துக்குப் போட்ட மாதிரிக் கோட் போட்டுக்கொண்டு வந்தான். எந்த முள்ளுக்கரண்டியை எடுப்பது என்று தெரியாமல் என்னைப் பார்த்தான், நான் எடுத்ததை எடுத்தான். குழுவின் தலைவர் சட்டைப் பையில் இருந்து ஒரு திருகாணியை எடுத்து மேசையில் வைத்தார். யோகன் அதை வாங்கி வெளிச்சத்துக்குக் கூடப் பிடிக்கவில்லை. கட்டைவிரல் நகத்தால் ஒரு தரம் வருடிவிட்டு, மூன்றாவது புரியில் ஒரு பிசிர் நிற்கிறது, வெட்டும் கத்தி தேய்ந்துபோயிருக்கும் என்று தன் உடைந்த பிரெஞ்சில் சொன்னான். அந்தப் பெண் பையிலிருந்து உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துப் பார்த்தாள். அவன் சொன்னது சரி. மேசை முழுக்கச் சிரிப்பும் பாராட்டும். எனக்குத் தலைகால் தெரியவில்லை.

குழுத் தலைவர் யோகனிடம் நேரே கேட்டார், நாங்கள் இங்கே வந்தால் நீங்கள் எங்களிடம் வருவீர்களா என்று. எல்லோரும் சாப்பாட்டை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார்கள். யோகன் என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டான்.

"என்ன சொல்லட்டும் அண்ணை?"

என்னிடம் இருந்தது ஒரு மூச்சு விடும் நேரம். யோசித்துவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்ல வைத்திருக்கலாம். காலையில் நான் காட்டிய பக்கத்தைப் பற்றி அவனுக்கு ஒரு வசனம் சொல்லியிருக்கலாம், அந்த மேசையில் வேறு யாருக்கும் தமிழ் விளங்காது. மாநிலமே காத்திருக்கும் திட்டம் என் கையால் முடியப் போகிறது என்ற நினைப்புத்தான் அப்போது எனக்கு.

"ஓம் எண்டு சொல்லு," என்றேன். "பயப்பிடாதை."

அவன் ஓம் என்றான்.

அவர்கள் வந்தார்கள். ரிப்பன் வெட்டினோம், படம் எடுத்தோம், இத்தனை வேலை உருவாகும் என்று அறிவித்தோம். தலைவி எனக்குக் கை தந்தார். சாட்சிக்கு யாரைக் கூப்பிட்டாய் என்று பிறகு கேட்டார். சொன்னேன். "அவருக்கு இழப்பதற்கு ஏதாவது இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டார். முதலாளிமாரைக் கூப்பிடுவதன் காரணம் எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. நாங்கள் சொல்வது பொய்யாகிப் போனாலும் அவர்களுக்கு ஒரு முடி உதிராது. நான் வெட்கம் என்று நினைத்தது வெட்கமே அல்ல. ஆனால் விளங்கி என்ன செய்வது, யோகன் ஏற்கெனவே பழைய இடத்தில் விலகல் கடிதம் கொடுத்துவிட்டான். அவன் போகிறான் என்றால் நல்ல இடமாகத்தான் இருக்கும் என்று இன்னும் ஒன்பது தமிழர் அவன் பின்னால் போனார்கள்.

நாலு வருடம் நன்றாக ஓடியது. அந்த நாலு வருடத்தில் யோகன் பிரெஞ்சுப் பரீட்சையில் மூன்றாம் தடவை தேறி, குடியுரிமைக்கு விண்ணப்பம் போட்டான். அவன் இன்னும் அகதி. இங்கே நிரந்தரமாக இருக்கலாம், ஆனால் இலங்கையில் கால் வைக்க முடியாது. சுவிஸ் பாஸ்போர்ட் கிடைத்தால் போகலாம். சாவகச்சேரியில் அவனுடைய அக்கா நோயாளியாகக் கிடந்தா. அவன் இங்கே வருவதற்குத் தன் நகைகளைக் கழற்றிக் கொடுத்தவ. முப்பது வருடமாக அவவை அவன் நேரில் பார்க்கவில்லை. குடியுரிமைக்கு ஒரு நிபந்தனை, உங்களுக்குத் தெரியும்: சமூக உதவிப் பணம் எடுத்திருக்கக் கூடாது.

ஐந்தாம் வருடம் அந்த நிறுவனத்தை இன்னொரு நிறுவனம் வாங்கியது. இரண்டு மாதத்தில் கடிதம் வந்துவிட்டது. தொழிற்சாலை கிழக்கே போகிறது, முதலில் வேண்டாம் என்று விட்ட அதே நாட்டுக்கு. இங்கே இருந்தவர்களை அனுப்பி அங்கே ஆட்களைப் பழக்கியும் இருந்தார்கள். யோகனே மூன்று வாரம் போய்ப் பழக்கிவிட்டு வந்தவன்.

தொழிலாளரிடம் கருத்துக் கேட்கும் கூட்டத்துக்கு மாநிலத்தின் சார்பில் நான் போனேன். மேசையில் எனக்குக் கதிரை போட்டிருந்தது முதலாளி பக்கத்தில். எதிரே யோகனும் மற்றவர்களும். சம்பளத்தைக் குறைக்கிறோம், நேரத்தைக் குறைக்கிறோம், மூட வேண்டாம் என்று இரண்டு பக்கம் எழுதிக் கொண்டுவந்திருந்தார்கள். தலைமையகத்தில் இருந்து வந்த பெண் அதை மரியாதையாக வாங்கி, மடித்து, கோப்புக்குள் வைத்தாள். அன்று மதியச் சாப்பாட்டில் உருப்பெருக்கியை எடுத்த அதே பெண். கூட்டம் முடிந்து கோப்பி குடிக்கும்போது என்னிடம் வந்து நன்றி சொன்னாள். முதல் நாளே எல்லாவற்றையும் தெளிவாக விளக்கியிருந்தீர்கள், நீங்கள் சொன்னபடியே எல்லாம் சுமுகமாக நடந்தது, ஒரு தடங்கலும் இல்லை என்றாள். நக்கல் இல்லை, மனதாரத்தான் சொன்னாள். நான் "சந்தோசம்" என்றேன். அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்தது.

வெளியே பத்திரிகைக்காரர் நின்றார்கள். மாநிலம் வருந்துகிறது, ஆனால் நிறுவனத்தின் முடிவை மதிக்கிறது என்று எழுதித் தந்ததைப் படித்தேன். படிக்கும்போது யோகன் என்னைக் கடந்து பஸ்ஸுக்குப் போனான். தலையை ஆட்டினான், வழக்கம்போல.

அதன் பிறகு நான் ஓடித் திரிந்தேன். அவனுடைய பழைய தொழிற்சாலைக்கு நாலு தரம் போனேன். அவர்களே அப்போது ஆட்களை அரை நேரத்தில் வைத்திருந்தார்கள். வேறு பட்டறைகளுக்குப் போனேன். ஐம்பத்து நாலு வயது என்றவுடன் முகம் மாறும். என் அலுவலகத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டும் பார்த்தேன், அது நான் செய்யக் கூடாதது. யோகன் லோசானில் பஸ் கழுவும் வேலைக்குப் போனான், மூன்று மாதத்தில் முதுகு விட்டுவிட்டது. வேலையில்லாதவர்களுக்கான கொடுப்பனவு முடிந்தது. மனைவி பள்ளிக்கூடத்தில் அரை நேரத் துப்புரவு வேலை, மகளுக்குப் படிப்பு, வாடகை, மருத்துவக் காப்புறுதி. ஏழு மாதம் சமூக உதவி எடுத்தான். எடுக்காமல் இருக்க முடியுமா என்று என்னிடம் வந்து கேட்டான். கூட்டிக் கழித்துப் பார்த்தோம், முடியவில்லை. கடைசியில் ஒரு முதியோர் இல்லச் சமையலறையில் அவனுக்கு வேலை கிடைத்தது. கோப்பை கழுவும் வேலை. முப்பது வருடத்துக்கு முதல் நாங்கள் இருவரும் தொடங்கிய இடம்.

குடியுரிமைக் கோப்பை நிறுத்திவிட்டார்கள். உதவி எடுத்த கடைசி மாதத்திலிருந்து மூன்று வருடம் பொறுத்துத் திரும்ப விண்ணப்பிக்கலாம் என்று கடிதம் வந்தது. அதை அவனுக்கு வாசித்துக் காட்டியவன் நான். யோகன் விரல் விட்டு எண்ணினான், அக்கா அவ்வளவு நாள் இருப்பா என்றுதான் நினைத்தான்.

அக்கா போன வருடம் பங்குனியில் செத்துப்போனா. சமையலறைக்குப் பின்னால், குப்பைத் தொட்டிகள் வைக்கும் இடத்தில் நின்று, போனில் செத்தவீட்டைப் பார்த்திருக்கிறான். இடையில் அங்கே மின்சாரம் நின்று படம் அறுந்துவிட்டதாம். பாடை தூக்குவதை அவன் பார்க்கவில்லை.

இதற்கிடையில் நான் என்ன செய்தேன் என்று நீங்கள் கேட்க வேண்டும். ஓய்வு பெறும் நாள் வரை அதே விளக்கத்தைக் காட்டினேன். அந்தப் பக்கத்தை எடுத்துவிடுவோம் என்று தலைவியிடம் ஒரு தரம் கேட்டேன். எடுத்தால் பக்கத்து மாநிலம் காட்டும், கொம்பனி அங்கே போகும் என்றார். அது உண்மை. இந்த வேலையை விடுங்கள் என்று உங்களுக்குச் சொல்லவும் எனக்கு வாயில்லை, கொம்பனிகள் வராவிட்டால் மலை மேலே அந்த ஊர்கள் வெறுமையாகிப் போகும். வந்தவர்கள் எல்லோரும் போய்விடவில்லை. சிலர் நின்றார்கள். யார் நிற்பார்கள் என்று சொல்லத் தெரிந்தவனாக நான் நடித்தேன், அவ்வளவுதான். ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்கள் மேசைக்கு எங்கட ஆட்களைக் கூட்டிப் போகாதீர்கள். பெருமைக்கு ஆசைப்பட்டால் விளக்கத்தில் உங்களுடைய படத்தைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஓய்வு பெற்ற பிறகும் ஒரு வருடம் யோகன் வீட்டுப் பக்கம் போகாமல் ஒளித்துத் திரிந்தேன். அவன் வீட்டில் வைத்த அக்காவின் முப்பத்தோராம் நாள் சடங்குக்குத்தான் போனேன். சாப்பாடு முடிந்து ஆட்கள் போன பிறகு, அவனும் நானும் பல்கனியில் நின்றோம். அங்கே வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். காலையில் என்ன காட்டினேன் என்பதை, அவர்கள் பள்ளிக்கூடம் பற்றிக் கேட்காததை, தெரிந்துகொண்டே ஓம் சொல்லச் சொன்னதை. என்னை நம்பித்தானே போனாய், மன்னிச்சுக்கொள் என்று அழுதேன். அவன் என் தோளில் கையை வைத்தான்.

"உங்களை நம்பிப் போகேல்லை அண்ணை," என்றான். "உங்களை எனக்கு நல்லாத் தெரியும், நீங்களும் என்னை மாதிரி ஓடி வந்த ஆள். உங்கட கோட்டில அண்டைக்கு மாநிலத்தின்ர சின்னம் குத்தியிருந்தது. நான் அதை நம்பினனான். என்ர சீவியத்தில ஒரு அரசாங்கத்தை நம்பினது அந்த ஒருக்காத்தான்."